தேர்வெழுதும் கையா, கட்டுரை எழுதும் கையா? அமெரிக்காவில் வணிகப் பட்டத்தை விரைந்து முடிக்கும் வழிகள்

சென்ற மாதம் சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான். நியூ ஜெர்சியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளன். மதுரையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவன், ஒன்பது ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கிறான். மேலாளர் பதவி காலியானதும் விண்ணப்பிக்கப் போயிருக்கிறான். இளநிலைப் பட்டம் உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்தவுடன் இணையப் படிவம் அவனை அடுத்த பக்கத்துக்கே விடவில்லையாம். “நான் வேலை கற்றுக்கொடுத்த பையனெல்லாம் விண்ணப்பித்துவிட்டான் அக்கா. இனிமேல் நான்கு வருடம் உட்கார்ந்து படிக்க என்னால் ஆகாது. தேர்வு எழுதியே பட்டம் வாங்கலாம் என்கிறார்களே, அது நிஜமா, ஏமாற்று வேலையா?”

அதே வாரத்தில் எங்கள் அடுக்ககத்தின் மேல் மாடியில் இருக்கும் பெண்ணும் இதையே கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியில் மூன்றாண்டு பி.காம். முடித்தவள். கணவரின் விசாவைச் சார்ந்து எச்-4-இல் இருக்கிறாள்; படிக்கலாம், வேலைக்குப் போக அனுமதி இன்னும் வரவில்லை.

இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. நானும் இந்த வழியில் போய் வந்தவள்தான். பி.காம். இரண்டாம் ஆண்டோடு கல்யாணமாகி நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். எது மலிவு, எது வேகம் என்று மட்டும் பார்த்துத் தொடங்கிய என் கூட்டாளிகள் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கைக்குப் பொருந்தாத வழியில் இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். சிலருக்கு மூன்று மணி நேரத் தேர்வு விளையாட்டு. ஐந்து பக்கக் கட்டுரை எமன். சிலருக்கு நேரெதிர்.

முதலில், இது ஏமாற்று வேலையா என்ற சந்தேகம். இல்லை. அமெரிக்க இளநிலைப் பட்டம் என்பது பொதுவாக 120 கிரெடிட். கிரெடிட் என்பது படிப்பை அளக்கும் அலகு; ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3. அந்த 120-உம் ஒரே கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேறு கல்லூரியில் படித்தது, ராணுவப் பயிற்சியில் கற்றது, தேர்வெழுதி நிரூபித்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் பல்கலைக்கழகங்கள் 1970-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தின் எக்செல்சியர் 1971, எங்கள் நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம் 1972, கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் 1973. வேலைக்குப் போகும் வளர்ந்தவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை இவை. பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே உட்கார்ந்த எடிசனின் பெயரை அப்படியொரு பல்கலைக்கழகத்துக்கு வைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஏமாற்று வேலை வேறு இடத்தில் இருக்கிறது: ‘உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கே பட்டம், பத்து நாளில் தபாலில்’ என்று விற்கிறார்களே, அது. அமெரிக்கக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். அங்கீகாரம் வழங்கிய அமைப்பின் பெயர் அதில் வரவில்லை என்றால் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள்.

இனி பட்டத்தின் உள்ளமைப்பு. இதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. பட்டத்தை அஞ்சறைப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மொழி, கணிதம், அறிவியல் முதலிய பொதுக் கல்வி ஓர் அறை. மேலாண்மை, சந்தைப்படுத்தல், கணக்கியல் முதலிய அடிப்படை வணிகப் பாடங்கள் ஓர் அறை. மூன்றாம் நான்காம் ஆண்டுக்குரிய மேல்நிலைப் பாடங்கள் ஓர் அறை. விருப்பப் பாடங்கள் ஓர் அறை. கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே எடுத்தாக வேண்டிய பாடங்களுக்கு ஒரு சின்ன அறை. கடுகை எவ்வளவு கொட்டினாலும் சீரக அறை நிரம்பாது. நான் ஆர்வக்கோளாறில் உளவியல், சமூகவியல், அமெரிக்க அரசியலமைப்பு என்று எளிய தேர்வுகளாகத் தேடித் தேடி எழுதினேன். பிறகு விண்ணப்பித்த ஒரு பல்கலைக்கழகம், விருப்பப் பாட அறை நிரம்பிவிட்டது என்று அவற்றில் நான்கை ஒதுக்கிவிட்டது. பன்னிரண்டு கிரெடிட் போயிற்று. அவர்கள்மேல் தப்பில்லை. அவர்களுடைய பட்டியலை நான் முதலில் படிக்கவில்லை.

சரி, அறைகளை எதைக் கொண்டு நிரப்புவது? பெயர் பெற்ற வழிகள் இரண்டு.

முதலாவது தேர்வு. காலேஜ் போர்டு என்ற தேர்வு அமைப்பு 1967 முதல் நடத்தும் கிளெப் தேர்வுகள் இதில் மூத்தவை. 34 பாடங்கள், வணிகத்துக்கு நேரடியாக உதவுபவை மேலாண்மைக் கோட்பாடுகள், சந்தைப்படுத்தல் கோட்பாடுகள், நிதிக் கணக்கியல், வணிகச் சட்ட அறிமுகம், தகவல் முறைமைகள், பொருளியலின் இரு பிரிவுகள். பெரும்பாலானவை 90 நிமிடத் தேர்வுகள். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் கிரெடிட் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் கல்விக் குழு, அதாவது எல்லோரும் ஏ.சி.இ. என்று சொல்லும் அமைப்பு, பரிந்துரைக்கிறது. தேர்வுக் கட்டணம் 100 டாலரை ஒட்டி வரும். தேர்வு மையம் தனியாகச் சிறு கட்டணம் வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை இந்தத் தேர்வுகளுக்கு இலவசமாக இணையப் பாடம் நடத்தி, பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான சீட்டையும் கொடுக்கிறது. இதைவிட மலிவான கிரெடிட் அமெரிக்காவில் கிடையாது.

கிளெப்புக்குப் பக்கத்தில் டி.எஸ்.எஸ்.டி. என்று இன்னொரு வரிசை இருக்கிறது. ராணுவத்தினருக்காகத் தொடங்கி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இதில் நிதிக் கோட்பாடுகள், மனிதவள மேலாண்மை, பணமும் வங்கியும், வணிக அறநெறி ஆகியவை உண்டு. தேர்ச்சி மதிப்பெண் 400. கிளெப் நின்றுவிடும் இடத்தில் இது கைகொடுக்கும்; சில பாடங்களை மேல்நிலைப் பாடங்களாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத் தேர்வு எழுதி வந்தவர்களுக்கு கிளெப் சொந்த வீடு மாதிரி. ஒரே நாள், ஒரே உட்காரல், பிறகு அந்தப் பாடத்தோடு உறவே இல்லை. கேள்விகள் பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் வெறுமனே விட்டுவரக் கூடாது. கடைசிக் கேள்வியை முடித்ததும் திரை ஒரு கணம் வெளுத்து, மதிப்பெண் அங்கேயே வந்து நிற்கும். மேலாண்மைத் தேர்வில் எனக்கு 63 வந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த பையன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மூச்சு விட்டேன்.

கர்வம் அடங்கியது நிதிக் கணக்கியலில். பி.காம். படித்தவளுக்கு இதென்ன என்று ஒரு வாரம்தான் புரட்டினேன். வந்தது 47. எங்கே சறுக்கினேன் என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நமக்கு ‘ஸ்டாக்’ என்றால் கடையில் இருக்கும் சரக்கு; அங்கே ‘ஸ்டாக்’ என்றால் பங்கு, சரக்குக்கு ‘இன்வென்டரி’ என்று வேறு சொல். ‘டிரஷரி ஸ்டாக்’ என்று ஒரு கேள்வி வந்தபோது, கிடங்கில் பூட்டி வைத்த சரக்கோ என்று நினைத்து விடையைத் தொட்டேன். அது நிறுவனம் தானே திரும்ப வாங்கிக்கொண்ட சொந்தப் பங்கு. நாங்கள் படித்த ஐந்தொகையில் பொறுப்புகள் இடப்பக்கம், சொத்துகள் வலப்பக்கம். அமெரிக்கப் புத்தகத்தில் அது மாறி உட்கார்ந்திருக்கும். கடைசியில் வந்தது முதலில் போகும் என்ற சரக்கு மதிப்பீட்டு முறையை இந்தியக் கணக்கியல் தரம் நிதியறிக்கைகளுக்கு ஏற்பதில்லை. அமெரிக்காவில் அது நடைமுறையில் இருக்கிறது, கேள்வியும் வருகிறது. அதே தேர்வை மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதம்தான் என் கால அட்டவணையை உடைத்தது. வணிகம் படித்து வந்தவர்கள் கணக்கியலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அலட்சியம் காட்டாதீர்கள். தெரிந்த பாடம்தான் காலை வாரும்.

இரண்டாவது வழி, ஏ.சி.இ. பரிந்துரை பெற்ற இணையப் பாடங்கள். சோஃபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன் ஆகிய மூன்றும் அதிகம் பேசப்படுபவை. சோஃபியாவில் நான் கட்டியபோது மாதச் சந்தா 99 டாலர். அந்த மாதத்துக்குள் எத்தனை பாடம் முடித்தாலும் அதே தொகைதான். ஒரே சமயத்தில் இரண்டு பாடம் திறந்து வைத்துக்கொள்ளலாம். அலகுத் தேர்வுகளைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், மேற்பார்வையாளர் கிடையாது. சில பாடங்களில் மட்டும் எழுத்துப் பணி உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் பத்து மணி நேரம் ஒதுக்குகிறவர் மாதம் இரண்டு மூன்று பாடங்களை முடிக்கலாம். எட்டு மாதத்தில் இருபது பாடம் என்று வைத்தால், 60 கிரெடிட்டுக்கு ஆன செலவு 792 டாலர். கிளெப்பில் இலவசச் சீட்டு வாங்கினால் இதைவிடக் குறையும்; ஆனால் தோற்கும் பயம் சோஃபியாவில் இல்லை. தேர்வு என்றாலே உள்ளங்கை வியர்ப்பவர்களுக்கு அந்த 792 டாலர் நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

குறை என்ன என்றால், சோஃபியாவின் பாடங்களில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுக்குரியவை. கிளெப்பும் அப்படித்தான். ஸ்டடி டாட் காமில் மேல்நிலைப் பாடங்கள் கிடைக்கின்றன, ஆனால் அங்கே மாதக் கட்டணம் இரு மடங்குக்கும் மேல். இறுதித் தேர்வை கேமராவின் கண்காணிப்பில் எழுத வேண்டும். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.இ. சொல்வது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் பல்கலைக்கழகத்தின் விருப்பம். கிளெப்பை ஏற்கும் கல்லூரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சோஃபியாவுக்கு அந்த அளவு வரவேற்பு இல்லை. ஐவி லீக் வகைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எனவே வெளியில் சேர்ப்பதெல்லாம் பாதிக் கதை. பட்டத்தில் யாருடைய முத்திரை விழப்போகிறது என்பதே மறுபாதி. வேகமாக முடிக்க நினைக்கும் வணிக மாணவர் முன்னால் நடைமுறையில் மூன்று கதவுகள் இருக்கின்றன, நான்காவதாக ஒரு பழைய கதவும் இருக்கிறது.

எங்கள் மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் முதல் கதவு. வெளியிலிருந்து கொண்டுவரும் கிரெடிட்டை இவர்கள் அளவுக்குத் தாராளமாக ஏற்பவர்கள் குறைவு. வணிக நிர்வாகப் பட்டத்துக்கு மிகக் குறைவான பாடங்களை மட்டும் அங்கே எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வெளியில் முடித்தவர்கள் உண்டு. கடைசியில் வரும் வியூக மேலாண்மைப் பாடம் மட்டும் தப்பிக்க முடியாதது. இரண்டு மூன்று மாதம் ஓடும், எழுத்து வேலை கனமாக இருக்கும். அங்கே படிக்கும் கிரெடிட் குறைவாக இருந்தால் அதற்கென்று ஒரு விலக்குக் கட்டணமும் வசூலிக்கிறார்கள். தேர்வெழுதும் கைக்காரர்களுக்கு இதுதான் இயல்பான இடம். ஆனால் மேல்நிலைப் பாட அறையை நீங்களே வெளியில் தேடி நிரப்ப வேண்டும், எந்தப் பாடம் எந்த அறைக்குப் பொருந்தும் என்று நீங்களே அட்டவணை போட வேண்டும். கல்யாணத்துக்குச் சமையல்காரர் வைக்காமல் நாமே காய் வாங்கி நறுக்குவது மாதிரி. பணம் மிஞ்சும், இடுப்பு ஒடியும்.

வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், எல்லோரும் டபிள்யூ.ஜி.யு. என்பது, இரண்டாவது. மேற்கு மாநிலங்களின் 19 ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் தொடங்கியது. தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், வணிகப் படிப்புகளுக்கு 4,000 டாலரை ஒட்டி. அந்த ஆறு மாதத்துக்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதல் பணம் இல்லை. பாதிப் பாடங்கள் கேமரா முன் எழுதும் தேர்வு. பாதி, திட்டக் கட்டுரை. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி உண்டு, தொலைபேசியில் கூப்பிட்டு ‘இந்த வாரம் என்ன செய்தீர்கள்’ என்று கேட்பார். யாராவது கேட்டால்தான் நகரும் ஆளாக இருந்தால் இது பெரிய வரம். 90 கிரெடிட் வரை வெளியிலிருந்து ஏற்பார்கள். ஆனால் எல்லாவற்றையும் வகுப்பு தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு ‘ஒரு கிளெப் எழுதி வருகிறேன்’ என்றால் நடக்காது. மதிப்பெண் தரம் கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். அது 4.0 அளவில் 3.0-க்குச் சமம் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, பலரும் கேள்விப்படாத இடம்: மெய்ன் பல்கலைக்கழகத்தின் பிரெஸ்க் ஐல் வளாகம். கனடா எல்லையை ஒட்டிய உருளைக்கிழங்கு நாடு. அங்கிருந்து ‘யுவர்பேஸ்’ என்ற பெயரில் இணைய வணிகப் பட்டம் நடத்துகிறார்கள். எட்டு வாரம் ஒரு அமர்வு, அதற்கு 2,000 டாலருக்குள் ஒரே கட்டணம், விரும்பிய எண்ணிக்கையில் பாடங்கள். இங்கும் 90 கிரெடிட் வரை வெளியிலிருந்து வரலாம். 30 அங்கே எடுக்க வேண்டும். டபிள்யூ.ஜி.யு.வைவிட ஒரு விதத்தில் இது மேல்: ஏ, பி என்று எழுத்தில் தரம் போட்டுக் கொடுக்கிறார்கள், எனவே சராசரி என்று ஒரு எண் கையில் இருக்கும். கட்டணச் சுற்றும் சிறியது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு அமர்வைத் தள்ளிப்போட்டால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் இங்கே பெரும்பாலும் கட்டுரைதான். கட்டுரை, மேலும் கட்டுரை.

கட்டுரை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். நம்மில் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். பாடப் புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழக்கப்பட்ட கை நம்முடையது. என் முதல் கட்டுரையில் தலைமைத்துவக் கோட்பாடு ஒன்றை அப்படித்தான் எழுதினேன். அழகாக, பத்தி பத்தியாக, நினைவிலிருந்து. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் என் பத்திகளை மஞ்சள் பூசி வைத்திருந்தது. திருட்டுக் குற்றச்சாட்டு வரவில்லை, முதல் முறை என்று எச்சரித்து விட்டார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மனப்பாடம் செய்து எழுதியதற்குப் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். இங்கே அதே செயல் களவு. யார் சொன்னது, எந்த ஆண்டு என்று ஒவ்வொரு கருத்துக்கும் சான்று காட்டி, பிறகு ‘என் சூழலில் இது எப்படிப் பொருந்தும்’ என்று சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். மதிப்பீட்டு அட்டவணையில் எட்டுக் கூறு இருந்தால் எட்டுக்கும் தனித் தலைப்புப் போட்டு எழுதிவிடுவதே பாதுகாப்பு. அழகுக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. நான் பிடித்துக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. பிடித்த பிறகு, உண்மையைச் சொன்னால், தேர்வைவிட இதுவே பிடித்துப்போயிற்று.

நான்காவது கதவு, வேகக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கும் சமுதாயக் கல்லூரி. எங்கள் ஊரிலேயே மிடில்செக்ஸ் கல்லூரி இருக்கிறது. இரண்டாண்டுப் பட்டத்தை அங்கே முடித்தால் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கிரெடிட்டை மொத்தமாக ஏற்க மாநில அளவில் ஏற்பாடு இருக்கிறது. ரட்கர்ஸில் உள்ளூர்க்காரருக்கே ஆண்டுக் கட்டணம் 17,000 டாலரைத் தாண்டும் நிலையில், முதல் இரண்டாண்டை இப்படிக் கழிப்பது சிறிய மிச்சம் இல்லை. மெதுவானதுதான். ஆனால் யாருக்கு இந்த மெதுவான வழி தேவை என்பதைப் பட்டத்தின் பயன்தான் தீர்மானிக்கும்.

தம்பியின் நிலைமை எளிது. அவனுக்கு அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். எந்த அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமானாலும் சரி, எந்தச் சராசரியானாலும் சரி. அவன் பேசத் தெரிந்தவன், எழுதப் பயப்படுகிறவன். பாலிடெக்னிக்கில் வாரியத் தேர்வுகளை முந்தின இரவு படித்தே தாண்டியவன். ஆகவே கிளெப்பும் சோஃபியாவும் கலந்து ஓராண்டு, பிறகு டபிள்யூ.ஜி.யு. என்றேன். கட்டுரை அதிகமுள்ள மெய்னுக்கு அவனை அனுப்பினால் இரண்டாவது அமர்விலேயே ஓடிவிடுவான். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஊழியரின் படிப்புக்கு நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அவனுடைய கிடங்கு நிறுவனம் அப்படியொரு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது ஆண்டாக அவன் அதைத் தொட்டதே இல்லை. ஆறு மாதக் கட்டணம் ஒன்று அந்தத் தொகைக்குள் அடங்கும். ஓராண்டுப் படிப்புக்கான இரண்டு கட்டணத்தையும் இரண்டு வெவ்வேறு நாட்காட்டி ஆண்டுகளில் விழும்படி சேர்ந்தால் கைக்காசு மிகக் குறைவு.

மேல் மாடிப் பெண்ணுக்கு நான் சொன்னது வேறு: இளநிலைப் பட்டம் எதிலும் இப்போது சேராதே. முதலில் உன் பி.காம். சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பு. மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை அமெரிக்காவில் மூன்றாண்டாகத்தான் எண்ணுவார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இந்தியக் கல்லூரிகளைத் தரம்பிரிக்கும் நாக் அமைப்பிடம் ‘ஏ’ தரமோ அதற்கு மேலோ பெற்ற நிறுவனத்தில் முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தால், டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனம் அதை முழு இளநிலைப் பட்டத்துக்கு நிகராக எழுதித் தருகிறது. அப்படி வந்தால் அவள் நேராக முதுநிலைக்குப் போகலாம். இன்னொரு இளநிலைக்கு வீணாக ஓராண்டு எதற்கு? வராவிட்டாலும் 90 கிரெடிட்டுக்கு அருகில் கையில் இருக்கும், மீதி 30-தான். அவள் கை கட்டுரைக் கை. கல்லூரிப் பத்திரிகையில் எழுதியவள். அவளுக்கு மெய்ன் பொருந்தும்.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன், இதை எச்-4-இல் இருக்கும் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். நாளை வேலை விசாவான எச்-1பி-க்கு மாறும் எண்ணம் இருந்தால், ‘வணிக நிர்வாகம்’ என்று பொதுவாக மட்டும் பட்டத்தில் எழுதியிருப்பது போதாது என்ற கேள்வி குடிவரவுத் துறையிலிருந்து வரக்கூடும். 2007-இலிருந்தே நீதிமன்றத் தீர்ப்பு அப்படி இருக்கிறது. கணக்கியல், நிதி, தகவல் முறைமை என்று துறையின் பெயர் பட்டத்தில் தெளிவாக நிற்கட்டும். சேர்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுவது பிறகு அழுவதைவிட மலிவு.

கணக்காளர் உரிமமான சி.பி.ஏ. குறிக்கோளாக இருந்தால் வேகத்தை மறந்துவிடுங்கள். நியூ ஜெர்சி உட்படப் பல மாநிலங்கள் அதற்கு 150 கிரெடிட் கேட்டுவந்திருக்கின்றன. அதில் கணக்கியல் பாடங்கள் எந்த நிலையில், எங்கே எடுக்கப்பட்டவை என்று மாநில வாரியம் குடைந்து பார்க்கும். தேர்வில் வாங்கிய கணக்கியல் கிரெடிட்டை ஒதுக்கவும் செய்யலாம். பெயர்பெற்ற மேலாண்மைப் பள்ளியில் எம்.பி.ஏ. குறிக்கோள் என்றாலும் இதே எச்சரிக்கைதான்: சராசரி எண் இல்லாத மதிப்பெண் பட்டியலோடு போனால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இந்த இரு குறிக்கோள் உள்ளவர்களுக்கும் சமுதாயக் கல்லூரி, பிறகு அரசுப் பல்கலைக்கழகம் என்ற பழைய பாதையே நல்லது. பொதுக் கல்வி அறையை மட்டும் கிளெப்பால் நிரப்பி ஒரு செமஸ்டரை மிச்சம் பிடிக்கலாம். ஊருக்குத் திரும்பி அரசு வேலைக்கோ ஆய்வுப் படிப்புக்கோ போகிறவர்களுக்கு எதுவானாலும் சமநிலைச் சான்று கேட்பார்கள். இணையவழிப் பட்டத்துக்கு அதை வாங்குவது எளிதல்ல.

எந்தக் கதவானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். பல்கலைக்கழகத்தை முதலில் முடிவு செய்து, அதன் பட்டத் திட்டத்தைத் தாளில் அச்சிட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எங்கே எடுப்பது என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மாறும். வெளிநாட்டுச் சான்றிதழ் மதிப்பீட்டை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். என் இந்தியப் பல்கலைக்கழகத்திலிருந்து மூடி முத்திரையிட்ட உறை வர நான்கு மாதம் ஆயிற்று. அண்ணன் நேரில் போய் மூன்று முறை நின்றார். அந்த நான்கு மாதத்தில் நான் ஆறு தேர்வு எழுதியிருக்கலாம். வேகப் பட்டத்தில் நேரத்தைத் தின்பது படிப்பு அல்ல, உறைகள்தான்.

தம்பி இப்போது சோஃபியாவில் முதல் மாதச் சந்தா கட்டியிருக்கிறான். சுவரில் தாள் ஒட்டியாயிற்று என்று புகைப்படம் அனுப்பினான். விருப்பப் பாட அறை இன்னும் காலியாக இருக்கிறது. ஆக்ட்ஃபல் என்ற மொழியமைப்பு தொலைபேசியில் நடத்தும் பேச்சுத் தேர்வில் தமிழும் உண்டு, ஏ.சி.இ. பரிந்துரைக்கும் மொழித் தேர்வு வரிசை அது, உன் பல்கலைக்கழகம் தமிழுக்கு எத்தனை கிரெடிட் தரும் என்று சேரும் முன்பே அங்கே எழுதிக் கேட்டுக்கொள் என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை.

“அரை மணி நேரம் தமிழில் பேசினால் கிரெடிட் தருவார்களா?”

“தரலாம்.”

“எந்தத் தமிழ் அக்கா? நாம் பேசும் மதுரைத் தமிழா, செய்தி வாசிக்கும் தமிழா?”

நல்ல கேள்வி. நிலை உயர உயர அரசியல், பொருளாதாரம் என்று கேட்பார்களாம், இரண்டும் வேண்டியிருக்கும் என்றேன். அன்று இரவே சித்தப்பாவை அழைத்து, தினமும் பத்து நிமிடம் தலையங்கம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறான்.